சிறிய கேபினெட்டுக்குள் 240 லிக்விட் கூலரைப் பொருத்த முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2019-இல் வாங்கிய மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட் ஒன்றை நான் இன்னும் பயன்படுத்தி வருகிறேன். உள்ளே இருந்தவற்றையெல்லாம் மாற்றி, இப்போது ரைசன் 7 7700எக்ஸ் ப்ராசஸரும் 267 மி.மீ. நீளமுள்ள கிராபிக்ஸ் கார்டும் வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் தொழில். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) கொடுத்த இரண்டாவது நிமிடத்திலேயே ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டுவிடுகிறது; அதன் மேலுள்ள 65 மி.மீ. உயரக் குட்டை கூலரின் விசிறி, பக்கத்து அறையில் தூங்குபவர்களை எழுப்பும் அளவுக்குக் கத்துகிறது. இருப்பது மதுரையில், ஏசி இல்லாத மாடி அறையில். மே மாதப் பிற்பகலில் அறையின் வெப்பமே 37, 38 டிகிரிக்குப் போகிறது.

கேபினெட்டை மாற்ற எனக்கு மனமில்லை. மேசையின் கீழ்த்தட்டில் அது அளவெடுத்து வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது. ப்ராசஸரின் மேற்பரப்பிலிருந்து பக்கக் கதவு வரை 148 மி.மீ. இருப்பதால், 155 மி.மீ. உயரமுள்ள இரட்டைக் கோபுர ஏர் கூலர்கள் எதுவும் நுழையாது. அதனால் 240 லிக்விட் கூலர் வாங்க நினைக்கிறேன்; அதில் ப்ராசஸர் மேல் உட்காரும் பம்ப், குழாய்கள் வழியாகத் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்ப, அங்கே விசிறிகள் அதைக் குளிர்விக்கும். மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் இடையில் 28 மி.மீ. இருக்கிறது. கார்டைத் திருகும் பின்சட்டத்திலிருந்து முன்பக்கத் தகடு வரை 335 மி.மீ. பெட்டியோடு வந்த தாளில் ‘முன்புறம் 240 ரேடியேட்டர் பொருந்தும்’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நம்பி வாங்கலாமா?

திருப்புளி எழுதியது:

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. ஏழாயிரம் வரிசை ரைசனை 95 டிகிரியில் தொடர்ந்து ஓடும்படிதான் வடிவமைத்திருக்கிறோம் என்று ஏஎம்டி நிறுவனமே சொல்லியிருக்கிறது. கூலர் எவ்வளவு வெப்பத்தை எடுக்கிறதோ அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், அந்த எல்லையில் நின்றுகொள்வது அதன் இயல்பு. ஆகவே 95 என்ற எண்ணைப் பார்த்தவுடன் பதற வேண்டியதில்லை. உங்கள் ப்ராசஸருக்கு 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ஈகோ மோடு என்றிருப்பதில் 65 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் உண்மையான வரம்பு 88 வாட்டாகக் குறையும். செலவே இல்லாத வேலை இது. முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி, திருப்புளி. நேற்றிரவே செய்து பார்த்தேன். 11 நிமிடம் எடுத்த ஒரு ரெண்டர் இப்போது 12 நிமிடத்துக்குச் சற்று கூடுதலாக எடுக்கிறது. இரவில் 83 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. ஆனால் இன்று பிற்பகல் அதே வேலையைக் கொடுத்தபோது 91 வரை போய்விட்டது. சத்தமும் பழையபடியே திரும்பிவிட்டது. எனக்கு வேகத்தை விடச் சத்தம்தான் தொந்தரவு. அந்தக் குட்டை கூலரின் 92 மி.மீ. விசிறியை விட்டுவிட்டு, இரண்டு 120 மி.மீ. விசிறிகளை மெதுவாகச் சுற்றவைக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

ரிச்சிதெரு_பழையவர் எழுதியது:

சென்னை ரிச்சி தெருவில் பல ஆண்டுகள் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘240 பொருந்தும்’ என்ற வரி பாதி உண்மையைத்தான் சொல்லும். 240 என்பது இரண்டு 120 மி.மீ. விசிறிகளின் கூட்டுத்தொகை, ரேடியேட்டரின் நீளம் அன்று. இரு முனைகளிலும் தண்ணீர் திரும்பும் சிறு தொட்டிகள் இருப்பதால், அதன் உண்மையான நீளம் 272 முதல் 277 மி.மீ. வரை வரும். பருமன் வழக்கமாக 27 மி.மீ.; அதன்மேல் விசிறி 25 மி.மீ. ஆக 52. சில கம்பெனிகள் 38 மி.மீ. பருமனில் ரேடியேட்டர் செய்கின்றன. அதை வாங்கிவிட்டால் 63. உங்கள் கூரையில் 28 மி.மீ.தான் இருக்கிறது என்பதால் மேலே வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் எட்டு முனைப் பிளக்கின் மீதே விசிறி போய் உட்கார்ந்துவிடும்.

கடைக்குப் போகுமுன் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி 277 × 120 × 27 அளவில் ஒரு பொய் ரேடியேட்டர் செய்யுங்கள். விசிறிக்காக 120 × 120 × 25 அளவில் இரண்டு தனிப் பெட்டிகள். இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள்; பிரித்துப் பிரித்து இடம் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். மீன்தொட்டிக்குப் போடும் 12 மி.மீ. குழாயில் 40 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு வாங்கி, ரேடியேட்டரின் ஒரு முனையில் செருகி, ப்ராசஸர் வரை வளைத்துப் பாருங்கள். எல்லாரும் மறப்பது இந்தக் குழாயைத்தான். ரேடியேட்டர் உள்ளே போய்விடும்; குழாய் திரும்ப இடமிருக்காது. மடிப்பு விழும்படி அதை அழுத்தி வளைத்தால் தண்ணீர் ஓட்டம் குறையும், முனையிலுள்ள இணைப்பும் ஓயாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். வீட்டில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள் என்றாலும் அந்த அட்டை எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது.

கூரைக்கும், கீழே எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் வழங்கும் பெட்டியை) மூடியிருக்கும் தகட்டுக்கும் இடையில் உள்ள உயரம் 265 மி.மீ. ஆகவே 277 மி.மீ. ரேடியேட்டர் 12 மி.மீ. கீழே இறங்கியாக வேண்டும். தகட்டின் முன்பகுதியில் அதற்காகவே 60 மி.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டு விட்டிருக்கிறார்கள். பெட்டித் தாளில் இருந்த அந்த ஒற்றை வரி இந்த வெட்டை நம்பி எழுதப்பட்டதுதான் போலும். ஆனால் வெட்டுக்குக் கீழே, முட்டும்படியாக ஹார்டு டிஸ்க் கூடு இருக்கிறது. அதைக் கழற்றினால் ரேடியேட்டர் இறங்குகிறது. என் பழைய ஹார்டு டிஸ்கை வெளியே தனிப் பெட்டியில் போட்டுவிடத் தயாராக இருக்கிறேன்.

அடுத்த சிக்கல் நீளவாக்கில். 335-இல் 52 போனால் 283. கார்டு 267. மிஞ்சுவது 16 மி.மீ. அந்தச் சந்துக்குள் 12 மி.மீ. குழாய் இரண்டும் பக்கத்துப் பக்கமாக ஏறுகின்றன. ஆனால் கார்டின் முனையில் உரசிக்கொண்டு நிற்கின்றன. வெயிலில் இளகிய குழாய் கார்டின் சூடான முனையில் ஆண்டுக்கணக்கில் உரசிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நொய்யல் எழுதியது:

விசிறிகளை உள்ளே ஏன் வைக்கிறீர்கள்? உங்கள் கேபினெட்டின் முன்பக்கப் பிளாஸ்டிக் முகப்பைக் கழற்றிப் பாருங்கள். இரும்புத் தகட்டுக்கும் அந்த முகப்புக்கும் இடையில் பெரும்பாலான கேபினெட்களில் ஒரு வெற்றிடம் இருக்கும். அது 25 மி.மீ.க்கு மேல் இருந்தால் விசிறிகளை இரும்புக்கு வெளியேயும் ரேடியேட்டரை இரும்புக்கு உள்ளேயும் வைத்து, நடுவில் தகடு இருக்கும்படி ஒரே ஸ்க்ரூவால் மூன்றையும் இறுக்கிவிடலாம். அப்போது உள்ளே போவது 27 மி.மீ. மட்டுமே.

முகப்பைப் போட்டு மூடிவிட்டால் அந்த வெற்றிடத்துக்குள் ஸ்கேல் நுழையாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. சப்பாத்தி மாவில் எலுமிச்சை அளவு உருண்டை நான்கு எடுத்து, பாலித்தீன் தாளில் சுற்றி, இரும்புத் தகட்டில் விசிறியின் நான்கு மூலைகள் வரும் இடங்களில் ஒட்டி, முகப்பை ‘டக்’ என்று கிளிப் விழும்வரை அழுத்துங்கள். திரும்பக் கழற்றி, நசுங்கிய மாவின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். நான்கில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு. பவர் சுவிட்சின் பின்புறமும் யூஎஸ்பி வயர்களும் எங்கே முட்டுகின்றன என்பதையும் அதே மாவு காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்க்ரூவைப் பொறுத்தவரை, கூலரோடு வரும் நீள ஸ்க்ரூ பெரும்பாலும் 30 மி.மீ. இருக்கும். விசிறி 25, தகடு ஏறத்தாழ 1. மிச்சம் 4 மி.மீ. ரேடியேட்டரின் மரைக்குள் போகும். அது போதும். இடையில் ரப்பர் வாஷர் போட்டால்தான் பிடிமானம் குறையும்.

ரிச்சிதெரு_பழையவர் எழுதியது:

நொய்யல் சொல்வது நல்ல யோசனை. அதனுடன் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு இது. வாடிக்கையாளர் ஒருவரின் கூலருக்குரிய ஸ்க்ரூ பொட்டலம் தொலைந்துவிட்டது. டப்பாவில் கிடந்தவற்றில் மரை பொருந்திய, ஆனால் சற்று நீளமான ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கினேன். கடைசிச் சுற்றில் ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரிந்தது. பிறகு சட்டென்று லேசாகிவிட்டது. மரை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து, கேபினெட்டின் அடித்தகட்டில் சொட்டு விழுந்திருந்தது. ஸ்க்ரூ துளைக்கு நேர் கீழே தண்ணீர் ஓடும் தட்டைக் குழாய் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கூலரின் முழு விலையும் என் கையிலிருந்து போயிற்று.

ஆகவே தகட்டுக்கு வெளியே விசிறி வைக்கும்போது, எந்த ஸ்க்ரூவையும் போடும் முன் விசிறியையும் தகட்டையும் சேர்த்துப் பிடித்து, மறுபக்கம் எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். கூலரோடு வந்த விசிறிக்குப் பதிலாக 15 மி.மீ. மெல்லிய விசிறியைப் போட நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். அதே 30 மி.மீ. ஸ்க்ரூ இப்போது 14 மி.மீ. உள்ளே போகும்.

உப்பாறு எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். நான் இருப்பது தூத்துக்குடியில். காற்றில் எப்போதும் ஈரம். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வேர்ப்பதைப் போல இந்தக் குழாய்களும் வேர்த்து, மதர்போர்டில் சொட்டாதா?

திருப்புளி எழுதியது:

சொட்டாது. செம்பு வேர்ப்பது அதிலுள்ள தண்ணீர் சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்திருப்பதால். இங்கே தண்ணீரைக் குளிர்விப்பது அறைக் காற்று மட்டுமே; ஆகவே அது அறையின் வெப்பநிலைக்குக் கீழே ஒருபோதும் இறங்க முடியாது. இதே காரணத்தால்தான் மதுரையின் 38 டிகிரி அறையில் எந்த லிக்விட் கூலரும் மந்திரம் செய்துவிடாது. அறை 10 டிகிரி ஏறினால், அதே சுமையில் ப்ராசஸரும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும். வைகைக்கரை இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நொய்யல் எழுதியது:

ரேடியேட்டரின் குழாய் முனை மேலே வரவேண்டுமா கீழே வரவேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். என் கேபினெட்டில் மேலே வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரு குறையுமில்லை. வளைவும் எளிது.

ரிச்சிதெரு_பழையவர் எழுதியது:

தம்பி நொய்யல், மூன்று ஆண்டுகள் என்பது இந்த விஷயத்தில் சின்ன வயது. சீல் செய்யப்பட்ட கூலராக இருந்தாலும் குழாயின் ரப்பர் வழியாகத் தண்ணீர் மிக மெதுவாக வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். புதிதாக வாங்கும்போதே உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். அந்தக் காற்று எப்போதும் சுற்றின் உயரமான இடத்தில் போய்த் தங்கும். அந்த இடம் பம்பாக இருந்தால் பம்ப் தண்ணீரில்லாமல் சுற்றிக் கெட்டுவிடும். அதனால்தான் ரேடியேட்டரைக் கேபினெட்டின் தரையில் படுக்கவைத்து, பம்ப் அதற்கு மேலே இருக்கும்படி பொருத்துவதை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை.

முன்புறத்தில் நிற்கவைத்தால் ரேடியேட்டரின் உச்சி பம்பை விட உயரத்தில் இருக்கும். அந்த அளவில் இரண்டு முறையும் பாதுகாப்பானவையே. ஆனால் குழாய் முனை மேலே இருந்தால், காற்று சேரும் இடமும் தண்ணீர் போய்வரும் வாயும் ஒன்றாகிவிடும். நாளாக நாளாகத் தண்ணீர் குறையும்போது, அந்த வாய் காற்றையும் சேர்த்து உறிஞ்சிக் ‘களக் களக்’ என்று சத்தம் கொடுக்கும். குழாய் கீழே இருந்தால் காற்று மேல் தொட்டியில் தன்பாட்டுக்குக் கிடக்கும்.

நொய்யல் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. என் கார்டு நீளமானது. கீழே வைத்தால் குழாய் ஏற வழியில்லை என்பதால்தான் மேலே வைத்தேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இடம் இருக்கும் வைகைக்கரை கீழேயே வைக்கட்டும்.

வைகைக்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முகூர்த்த நாள்கள் என்பதால் நேரம் கிடைக்கவில்லை.

மாவு உருண்டைகள் மூன்று இடங்களில் 31 மி.மீ.யும், பவர் சுவிட்சின் கீழே 27 மி.மீ.யும் காட்டின. விசிறி 25 மி.மீ. என்பதால் துணிந்து 27 மி.மீ. பருமனுள்ள 240 கூலர் ஒன்றை வாங்கினேன். 38 மி.மீ. பருமனுள்ளதைக் கடைக்காரர் வற்புறுத்தினார். அட்டையை நினைத்துக்கொண்டு மறுத்துவிட்டேன்.

பொருத்தும் வரிசைதான் நான் எதிர்பாராத சோதனையாக இருந்தது. கார்டு உள்ளே இருக்கும்போது ரேடியேட்டர் உள்ளே போகாது. ரேடியேட்டரை முடுக்கிவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் வயர்களை முன்னே இழுக்கக் கை நுழையாது. முதல் முறை எல்லாவற்றையும் முடுக்கிய பிறகு, எட்டு முனைப் பிளக்கைச் செருக மறந்தது தெரிந்து பாதியைக் கழற்றினேன். இரண்டாம் முறை வயர்கள் முதலில், அப்புறம் ரேடியேட்டர், அப்புறம் பம்ப், கடைசியில் கார்டு என்று வைத்தபோது எல்லாம் சரியாக அமைந்தது. இந்த ப்ராசஸருக்குரிய ஏஎம்5 வகை மதர்போர்டில் பின்தகடு சாக்கெட்டோடு பிடித்திருப்பதால், மேலே உள்ள பிளாஸ்டிக் தாங்கிகளின் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது எதுவும் பின்பக்கம் விழவில்லை. பழைய ஏஎம்4 வகை போர்டில் அந்தப் பின்தகடு கழன்று மேசைக்கடியில் உருண்டோடியது நினைவுக்கு வந்தது.

விசிறியைத் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவிலுள்ள மோட்டாரைத் தாங்கும் கைகள் தெரியும் பக்கம்தான் காற்றுத் தள்ளும் பக்கம். அதை இரும்புத் தகட்டை நோக்கி வைத்தேன். பம்ப் அடிப்புறத்துச் செம்புத் தகட்டிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தேனா என்று இருமுறை சரிபார்த்தேன். கீழ் முனையிலிருந்து ஏறும் குழாய்களுக்கும் கார்டுக்கும் இடையே இப்போது ஒரு விரல் நுழைகிறது: 335-இல் 27-உம் 267-உம் போனால் 41 மி.மீ. அல்லவா?

முதல்முறை சுவிட்சைப் போட்டபோது திரையில் ‘சிபியூ ஃபேன்’ இல்லை என்ற எச்சரிக்கை வந்து நின்றுவிட்டது. விசிறிகள் இரண்டையும் கேபினெட் விசிறிக்குரிய முனையில் செருகியிருந்தேன். அவற்றை சிபியூ ஃபேன் முனைக்கு மாற்றி, பம்பைத் தனி பம்ப் முனையில் முழு வேகத்தில் ஓடவிட்டதும் சரியாயிற்று. முதல் இரண்டு நாள் மெல்லிய சலசலப்பு கேட்டது. கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பிடித்து ஓடவிட்ட பிறகு நின்றுவிட்டது.

ஈகோ மோடை அப்படியே வைத்திருக்கிறேன். 36 டிகிரி அறையில் ரெண்டரின்போது 76 டிகிரி. விசிறிகளின் சத்தம் கூரை ஃபேனின் சத்தத்துக்குள் மறைந்துவிடுகிறது. ஈகோ மோடை எடுத்துவிட்டால் மறுபடி 90-ஐத் தாண்டுகிறது; திருப்புளி சொன்னது சரிதான். ஒரு விலையும் கொடுத்திருக்கிறேன்: ரேடியேட்டரைத் தாண்டி வரும் வெதுவெதுப்பான காற்றையே கிராபிக்ஸ் கார்டு இழுப்பதால், அது முன்பை விட 4 டிகிரி கூடுதலாக ஓடுகிறது.

திருப்புளி எழுதியது:

இன்னொன்றையும் செய்யுங்கள். ப்ராசஸரின் சூடு நொடிக்கு நொடி தாவும். தண்ணீரின் சூடோ பத்து நிமிடத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். விசிறியின் வேகத்தை ப்ராசஸரின் தாவலோடு கட்டிவைத்தால் அது காரணமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் விசிறி வேகம் ஏறுவதற்கான தாமத நேரத்தைக் கூட்டிவையுங்கள். அப்புறம், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் தூசி மெத்தைபோல் படியும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகப்பையும் விசிறியையும் கழற்றிப் பாருங்கள்.

புதுக்குடி எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். நீங்கள் சொன்ன அளவுகளைப் பார்த்தால் என்னிடம் இருப்பதும் இதே கேபினெட்தான் என்று தோன்றுகிறது. என் கார்டின் நீளம் 304 மி.மீ. எனக்கும் இது சரிப்படுமா?

வைகைக்கரை எழுதியது:

335-இல் 27-உம் 304-உம் போனால் உங்களுக்கு மிஞ்சுவது 4 மி.மீ. ரேடியேட்டர் நுழைந்துவிடும், ஆனால் 12 மி.மீ. குழாய் அந்தச் சந்தில் ஏறாது. நொய்யல் செய்ததுபோல் குழாய் முனையை மேலே வைத்து, கார்டுக்கு மேலாகக் கொண்டுவந்தால் மட்டுமே வழியுண்டு. மேல் முனையில் குழாய் வளைய, ராமின் மேற்புறத்துக்கும் கூரைக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்து சொல்லுங்கள். என் அட்டை ரேடியேட்டரை இன்னும் தூக்கிப் போடவில்லை, உங்கள் அளவை வைத்து இங்கேயே ஒருமுறை பார்த்துவிடலாம்.